நாட்பட்ட பீனிசமும் இன்றைய சத்திரசிகிச்சை முறைகளும்

எம்மவர்களிடையே பீனிசம் என்ற சொல்லைக் கேளாத வீடு அரிது. ஊரில் அது மார்கழிப் பனியோடு வந்து தையோடு போய்விடும் ஒரு தொல்லையாக இருந்தது. இங்கு இங்கிலாந்தில் பலருக்கு அது வருடம் முழுவதும் குடியிருக்கும் விருந்தாளியாகிவிட்டது. இது எமக்கு மட்டும் உள்ள குறையன்று. 2011ஆம் ஆண்டு வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றின்படி வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நாட்பட்ட பீனிசத்தின் அறிகுறிகள் உண்டு.

இதனை எழுதத் தூண்டியவர் எமது ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் வரும் ஒரு மாமி. ஒருநாள் தீபாராதனை முடிந்து வெளியே வரும்போது, "தம்பி, கற்பூர வாசம் தெரிஞ்சு ரெண்டு வருசமாகுது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பின்னர் பேச்சோடு பேச்சாக, முதற்கிழமை வீட்டில் காஸ் அடுப்பு சரியாக அடைபடாமல் இருந்ததையும், பாடசாலையால் வந்த பேரன்தான் மணத்தைக் கண்டு யன்னல்களைத் திறந்ததையும் சொன்னார். எனக்குத் திடுக்கிட்டது.

விசாரித்தபோது, இரண்டு வருடங்களுக்கு முன்னரே வைத்தியசாலையில் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று கூறியிருக்கிறார்கள் எனத் தெரியவந்தது. சம்மதப் படிவத்தை அவருக்கு மொழிபெயர்த்தவன் பதின்மூன்று வயதுப் பேரன். "கண்ணுக்குக் கிட்ட வெட்டுவினமாம், கண் போகலாமாம், மூளைத் தண்ணி வடியலாமாம் எண்டு பிள்ளை சொன்னான். நான் வேண்டாமெண்டிட்டன்" என்றார் மாமி. பையன் பொய் சொல்லவில்லை. படிவத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவை எவ்வளவு அரிது, அந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன, செய்யாமல் விட்டால் என்ன என்பவற்றை அந்தச் சிறுவனால் எப்படிச் சொல்ல முடியும்?

நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். கையெழுத்திடுமுன் படிவத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளையும் வாசிப்பது என் தொழிற்பழக்கம். மாமிக்காக வாசித்தும், அவருடன் சென்று வைத்தியரிடம் கேட்டும் அறிந்தவற்றை அவரது சம்மதத்துடன் இங்கு தருகிறேன். இது வைத்திய ஆலோசனைக்கு மாற்றீடு ஆகாது.

வாசல் அடைபட்ட அறைகள்

எமது முகத்து எலும்புகளுக்குள்ளே காற்று நிறைந்த நான்கு சோடி அறைகள் உள்ளன. கன்னத்தில் ஒரு சோடி, நெற்றியில் ஒரு சோடி, இரு கண்களுக்கும் மூக்குக்கும் இடையில் தேன்கூடு போன்ற பல சிறு அறைகளின் தொகுதி, அதற்கும் பின்னே மண்டையின் நடுவில் ஒரு சோடி. இவற்றையே சைனஸ் என்கிறோம். ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர் அகலமே கொண்ட வாசலால் மூக்கினுள் திறக்கிறது.

இந்த அறைகளின் உட்சுவரில் மெல்லிய சளிப்படலம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் விநாடிக்குப் பத்துத் தடவை அளவில் அசைந்து, தூசியையும் கிருமிகளையும் ஏந்திய சளியை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. எந்தத் திசையில்? அந்த இயற்கை வாசலை நோக்கி. கன்ன அறையின் வாசல் கீழே இல்லை, மேலே இருக்கிறது. ஆகவே சளி புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி ஏறித்தான் வெளியே வருகிறது. இக்கட்டுரையில் வாசகர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்திருங்கள். பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் புறப்படுகின்றன.

தடிமன், ஒவ்வாமை, சதை வளர்ச்சி போன்ற ஏதோ ஒரு காரணத்தால் வாசலைச் சுற்றியுள்ள படலம் வீங்கினால் வாசல் அடைபடும். உள்ளே சளி தேங்கும், படலம் மேலும் வீங்கும். மூக்கடைப்பு, சளி வடிதல் அல்லது தொண்டைக்குள் இறங்குதல், முகத்தில் பாரம், மணம் தெரியாமை ஆகியவற்றில் இரண்டாவது 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதிலும் முதலிரண்டில் ஒன்றாவது இருந்தால், நாட்பட்ட பீனிசம் என வைத்தியர்கள் சந்தேகிப்பர். மூக்கினுள் கருவியால் பார்த்தோ ஸ்கான் எடுத்தோ அதனை உறுதி செய்வர்.

முன்னோர் பயந்ததில் நியாயம் உண்டு

மாமி பயந்ததற்குப் பேரனின் மொழிபெயர்ப்பு மட்டும் காரணமன்று. அவருடைய தகப்பனாருக்கு ஊரில் மூக்கினூடாகத் தடித்த ஊசியால் எலும்பைத் துளைத்துக் கன்ன அறையைக் கழுவினார்களாம். அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அக்காலத்தில் அது உலகெங்கும் நடந்த சிகிச்சைதான். அதைவிடப் பெரியது, மேலுதட்டைத் தூக்கி, முரசுக்கு மேலே வெட்டி, கன்ன எலும்பைத் திறந்து உட்படலத்தையே சுரண்டி எடுக்கும் முறை. 1893இல் நியூயோர்க்கில் கால்ட்வெல் என்பவரும், 1897இல் பாரிசில் லூக் என்பவரும் தனித்தனியே விவரித்ததால் அவர்கள் இருவரது பெயராலும் அது அழைக்கப்படுகிறது. முகம் வீங்கும், கன்னமும் பல்லும் விறைத்துப் போகும், பலருக்கு நோயும் திரும்பி வரும்.

ஏன் திரும்பி வந்தது? அந்த வைத்தியர்கள் கன்ன அறையின் அடியில் புதிதாக ஓர் ஓட்டை போட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் துளை போட்டால் வடியும்தானே என்பது அவர்களது எண்ணம். ஆனால் நுண்மயிர்கள் அந்தப் புதிய ஓட்டையை மதிப்பதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு சளியை மேலேயுள்ள பழைய வாசலுக்கே கொண்டு போகின்றன! அந்த வாசலோ அடைபட்டே கிடந்தது.

இதனைத் தெளிவாக ஆராய்ந்து காட்டியவர் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரப் பேராசிரியர் மெசர்கிளிங்கர். அவருக்குக் கைகொடுத்தது பிரித்தானியப் பௌதிகவியலாளர் ஹரல்ட் ஹொப்கின்ஸ் கண்டுபிடித்த கண்ணாடித்தண்டு வில்லை முறை. 1960களில் ஜேர்மனியின் கார்ல் ஸ்ரோர்ஸ் நிறுவனம் அதனைக் கொண்டு, பென்சிலிலும் மெல்லிய என்டோஸ்கோப் கருவிகளைச் செய்தது. மூக்குத் துவாரத்தினூடாகவே அந்த வாசல்களை நேரில் பார்க்க முடிந்தது. கிராசைச் சேர்ந்த ஸ்ராம்பேர்கரும் அமெரிக்காவின் கெனடியும் 1980களில் இம்முறையை உலகெங்கும் பரப்பினர். படலத்தைச் சுரண்டி எடுப்பதல்ல, வாசலைத் திறந்துவிட்டு உடம்பு தன் வேலையைத் தானே செய்ய விடுவதே அவர்களது கொள்கை. வெளியே வெட்டு இல்லை, தையல் இல்லை, முகத்தில் தழும்பும் இல்லை. மாமியின் தகப்பனார் பட்ட பாட்டுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சத்திரசிகிச்சைக்கு முன்னே

எனினும் யாரும் நேராகச் சத்திரசிகிச்சைக்குப் போவதில்லை, போகவும் கூடாது. முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் ஸ்ரிரோயிட் தெளிமருந்தும் சில வாரங்களுக்கு ஒழுங்காகச் செய்யப்பட வேண்டும். 'ஒழுங்காக' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். "அடிச்சுப் பாத்தனான், சுகமில்லை" என்பவர்களைக் கேட்டால் நாலு நாள் அடித்திருப்பார்கள்.

கழுவும் முறை எளிது. ஒரு பைந்து, அதாவது அரை லீற்றருக்குச் சற்று அதிகமான நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து, ஒரு பக்கத் துவாரத்தால் விட்டு மறுபக்கத்தால் வெளிவரச் செய்ய வேண்டும். யோகாசனம் பயின்றவர்களுக்கு இது ஜலநேத்தி என்று தெரிந்ததே. நீரைக் கொதிக்க வைப்பதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்நீரை அப்படியே மூக்கில் விட்ட இருவர், அந்நீரில் இருந்த ஓர் அமீபாவினால் மூளை பாதிக்கப்பட்டு இறந்தனர்.

தெளிமருந்தை வலப்பக்கத் துவாரத்துக்கு இடக்கையாலும், இடப்பக்கத்துக்கு வலக்கையாலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கமாகப் போகும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து உறிஞ்சினால் அது தொண்டைக்குள் போவதுதான் மிச்சம்.

வேது பிடித்தலைப் பற்றிக் கேட்பீர்கள். நொச்சியிலையும் வேப்பிலையும் போட்டு வேது பிடித்து வளர்ந்தவன்தான் நானும். 871 நோயாளிகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆவி பிடித்தலால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. உப்புநீர் கழுவலுக்கு ஓரளவு பயன் காணப்பட்டது. மனத்துக்கு இதமாக இருந்தால் வளர்ந்தவர்கள் பிடிக்கலாம். ஆனால் கொதிநீர்ச் சட்டியைச் சிறுபிள்ளைகளுக்கு அருகில் வைக்காதீர்கள்.

கடையில் வாங்கும் மூக்கடைப்புத் துளிமருந்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவை ஒரு கிழமைக்கு மேல் பாவிக்கப்படக் கூடாதவை. தொடர்ந்து பாவித்தால், மருந்து விட்டவுடன் முன்னிலும் அதிகமாக மூக்கடைக்கும். பின் அதற்காக மீண்டும் விடவேண்டி வரும். பரீட்சைக் காலத்தில் தொடங்கி மூன்று வருடம் அந்தச் சிறு போத்தலைச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எல்லாத் தலையிடியும் பீனிசமல்ல

சத்திரசிகிச்சை செய்தும் சுகமில்லை என்போரில் ஒரு பகுதியினருக்கு முதலில் இருந்ததே பீனிசமல்ல. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தமக்குச் சைனஸ் தலையிடி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்தபோது, 88 வீதமானோரின் அறிகுறிகள் ஒற்றைத் தலையிடிக்கு உரியவையாக இருந்தன. மூக்கில் சளியோ அடைப்போ இன்றி முகநோவு மட்டும் உள்ளவர்கள் சத்திரசிகிச்சைக்கு முன் இதனைக் கட்டாயம் வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஒரு கன்னத்தில் மட்டும் சீழும் துர்நாற்றமும் இருந்தால் மேல்வரிசைச் சூத்தைப்பல் காரணமாக இருக்கலாம். அதற்குப் பல்வைத்தியர்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தமும் கலந்து வந்தால் தாமதியாமல் காட்டுங்கள்.

இதற்காகவே சி.ரி. ஸ்கான் எடுக்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரே இதற்குப் போதாது. ஸ்கான் நோயை உறுதிப்படுத்துவதோடு, சத்திரசிகிச்சை செய்பவருக்கு வீட்டின் வரைபடமாகவும் அமைகிறது.

பலூன் முறை

இருதயக் குழாய் அடைப்பைப் பலூனால் விரிப்பதை வாசகர்கள் அறிவர். அதே நுட்பம் சைனசுக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2005இல் இதற்கு அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தின் நைஸ் என்னும் சுகாதார வழிகாட்டல் நிறுவனம், சிக்கலான சைனஸ் சத்திரசிகிச்சையில் அனுபவமும் தகுந்த பயிற்சியும் உள்ளவர்களே செய்யவேண்டும் என்ற நிபந்தனையுடன் 2008இல் இதனை ஏற்றது.

மெல்லிய கம்பியொன்று வாசலினூடாக அறைக்குள் செலுத்தப்படும். சில கருவிகளில் கம்பியின் நுனியில் விளக்கு இருக்கும். கன்னத்திலோ நெற்றியிலோ வெளியே வெளிச்சம் தெரிந்தால் சரியான அறைக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். பின்னர் சுருங்கிய பலூனைக் கம்பியின் வழியே அனுப்பி, உப்புநீரால் சில விநாடிகள் ஊதிப் பெருக்கி, மீண்டும் சுருக்கி எடுத்துவிடுவர். பலூனின் அகலம் பெரும்பாலும் 5 முதல் 7 மில்லிமீற்றர். வாசலைச் சுற்றியுள்ள மெல்லிய எலும்பு சற்று நெரிந்து விலகி, வாசல் அகன்றபடி நிற்கும். எலும்போ சதையோ வெட்டி எடுக்கப்படுவதில்லை. விறைப்பு மருந்து மட்டும் கொடுத்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்ய முடியும் என்பதால், இருதய நோயுள்ள முதியோருக்கு இது வசதியானது.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள தேன்கூட்டு அறைகளுக்குப் பலூன் உதவாது. நூறு சிறு அறைகளில் எந்த வாசலை ஊதுவது? சதை வளர்ச்சி பெருகியிருந்தாலும் உதவாது. விளம்பரங்களில் பத்து நிமிடச் சிகிச்சை என்று போடுகிறார்கள். தனியார் மனையில் பெருந்தொகை கட்டுமுன், "என்னுடைய ஸ்கானில் எந்த அறை அடைபட்டிருக்கிறது, அதற்குப் பலூன் எட்டுமா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் காசோலைப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

என்டோஸ்கோப் சத்திரசிகிச்சை

மாமிக்குச் சதை வளர்ச்சி இருந்தது. ஆகவே அவருக்குப் பலூன் பொருந்தாது, என்டோஸ்கோப் முறையே வேண்டும் என்றார் வைத்தியர். முழு மயக்க மருந்து கொடுத்து, மூக்குத் துவாரத்தினூடாகக் கமராவும் சிறு கருவிகளும் செலுத்தி, வாசலை மறைக்கும் சதையையும் மெல்லிய எலும்புத் தகடுகளையும் அகற்றுவர். சதையை உறிஞ்சிக்கொண்டே நறுக்கும் கருவி இப்போது உள்ளதால், நல்ல படலத்தைக் கிழிக்காமல் வேலை செய்ய முடிகிறது. சிக்கலான இடங்களில், காரில் வழிகாட்டும் கருவியைப் போல, கருவியின் நுனி ஸ்கானில் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் வசதியும் உண்டு. பெரும்பாலானோர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புவர்.

இனி, பேரன் வாசித்த அந்த வரிகளுக்கு வருவோம். கண்ணுக்கும் சைனசுக்கும் இடையிலுள்ள எலும்புக்கு வைத்திய நூல்களில் காகிதத் தகடு என்றே இலத்தீனில் பெயர். மேலே மூளையைப் பிரிக்கும் எலும்பும் மெல்லியதே. ஆகவே ஆபத்து கற்பனையல்ல. ஆனால் அளவு என்ன? 2000–2001 காலப்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 3,128 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில், கண், மூளை அல்லது கடும் இரத்தப்போக்குச் சம்பந்தமான பெரிய சிக்கல்கள் 0.4 வீதமானோருக்கே ஏற்பட்டன. ஆயிரம் பேரில் நான்கு பேர். இந்த ஒரு எண்ணை மாமிக்குச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஏன் உதை அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

பயன் என்ன என்பதற்கும் இப்போது நல்ல சான்று உண்டு. 500க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தி 2025இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், கழுவலும் தெளிமருந்தும் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டன. அவற்றோடு சிலருக்குச் சத்திரசிகிச்சை, சிலருக்கு மூன்று மாதம் அன்ரிபயோற்றிக் குளிசை, சிலருக்கு வெறும் குளிசை. ஆறு மாத முடிவில் சத்திரசிகிச்சை பெற்றவர்களே தெளிவாக முன்னேறியிருந்தனர். அன்ரிபயோற்றிக் குளிசை வெறும் குளிசையை விட மேலானதாக இருக்கவில்லை. வைத்தியரிடம் போய் "பலமான குளிசை தாருங்கோ" என்று வற்புறுத்துவோர் இதனைக் கவனிக்கவும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன தேசியக் கணக்கெடுப்பில் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஐந்து வருடத்துக்குள் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. வாசல் திறபடுகிறது, வீக்கத்தை உண்டாக்கும் இயல்பு உடம்பில் அப்படியே இருக்கிறது. ஆகவே உப்புநீரும் தெளிமருந்தும் பின்னரும் தொடர வேண்டும். வாசல் அகன்ற பின் அவை உள்ளே சென்று சேர்வதால் முன்னரிலும் நன்றாக வேலை செய்யும். திறந்த வாசல் மூடாதபடி ஸ்ரிரோயிட் மருந்தைச் சிறிது சிறிதாக விட்டுக் கரைந்துபோகும் சிறு சுருள் ஒன்று அமெரிக்காவில் 2011 முதல் உள்ளது. எல்லா வைத்தியசாலைகளிலும் அது கிடைப்பதில்லை. சதை திரும்பத் திரும்ப வளர்பவர்களுக்கு, முக்கியமாகத் தொய்வும் அஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்து உள்ளவர்களுக்கு, தூபிலுமாப் என்ற ஊசிமருந்து 2019 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதிக்கப்பட்டுள்ளது. விலை மிக அதிகம் என்பதால் தேர்ந்தெடுத்தே கொடுப்பர்.

போகுமுன்னும் வந்த பின்னும்

இரத்தத்தை நீர்ப்பிக்கும் மருந்து எடுப்பவர்கள் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. மீனெண்ணெய், உள்ளிக் குளிசை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்நாட்டு அரச வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் இலவசமாக ஒழுங்கு செய்யப்படுவார். திகதி வந்தவுடன் தொலைபேசியில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளை அந்தக் கதிரையில் இருத்தாதீர்கள். அது அவர்கள் சுமக்கக்கூடிய பாரமல்ல.

வீடு வந்தபின் ஒன்றிரண்டு கிழமை வேலைக்குப் போக முடியாது. மூக்குச் சீறக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பாரம் தூக்கக்கூடாது, விமானப் பயணமும் ஆகாது. அந்த நாட்களில் ஆலயத்துக்கு வருவோர் விழுந்து கும்பிடாமல் நின்றபடியே கும்பிடலாம். சாம்பிராணிப் புகைக்கு அருகே நிற்பதையும் தவிர்க்கவும். கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கடும் தலையிடியுடன் கழுத்து விறைத்தாலோ, மூக்கால் தெளிந்த நீர் நிற்காமல் வடிந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும்.

மாமிக்குச் சத்திரசிகிச்சை முடிந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. மூக்கடைப்பு இல்லை, இரவில் நித்திரை வருகிறது. மணம் முழுவதும் திரும்பவில்லை. கற்பூரம் தெரிகிறது, மல்லிகை இன்னும் தெரியவில்லை என்கிறார். வீட்டில் காஸ் கசிந்தால் ஒலி எழுப்பும் கருவியொன்றை மகன் பூட்டியிருக்கிறார்.